துயரத்துக்கு ஒரு காது, பாட்டுக்கு ஒரு காது

ஒரு பாட்டைப் பற்றிய அபிப்பிராயம் மாறுவதை நாம் பெரிய விடயமாக எடுப்பதில்லை. முதலில் பிடிக்கவில்லை, கேட்கக் கேட்கப் பிடித்துவிட்டது என்போம். இளையராஜாவின் பிற்காலப் பாடல்களைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் சண்டைகளும் பெரும்பாலும் "இன்னும் ரெண்டு தரம் கேட்டுப் பார்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் அபிப்பிராயம் மாறும்போது உண்மையில் மாறுவது எது? பாட்டா, கேட்பவரின் காதா, பாட்டைச் செய்தவரைப் பற்றி நாம் அறிந்துகொண்டதா? இந்தக் கேள்விக்குள் ஓர் அறப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது என்று என்னை யோசிக்கவைத்தது, ரொறன்ரோவின் றொக் இசைக்குழுவான ரஷ் 2002இல் வெளியிட்ட ஓர் அல்பம்.

ரஷ் இசைக்குழுவை நம்மவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அறிந்தால் அந்நியமாகத் தோன்றாது. 1968இல், ரொறன்ரோவின் வடபகுதியான வில்லோடேலில் தொடங்கிய குழு அது. பாடகரும் பேஸ் கிற்றார் வாசிப்பவருமான கெடி லீயின் பெற்றோர் நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்த போலந்து யூதர்கள். கிற்றார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் சேர்பியர்கள். 'கெரி' என்ற பெயரைத் தாயார் தன் உச்சரிப்பில் அழைத்த விதம்தான் 'கெடி' ஆயிற்று. 'லைஃப்சன்' என்பது ஒரு நீண்ட சேர்பியக் குடும்பப் பெயரின் ஆங்கில வடிவம். வகுப்பில் வரவு எடுக்கும்போது நம் பிள்ளைகளின் பெயர்கள் என்ன பாடுபடுகின்றன என்று அறிந்தவர்களுக்கு இதில் புதினம் இல்லை. 1974இல் ட்ரம்ஸ் வாசிக்க நீல் பியர்ட் வந்து சேர்ந்தார். அதன்பின் பாடல் வரிகளில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே.

1997 ஓகஸ்ட் மாதம் பியர்ட்டின் மகள், பத்தொன்பது வயதுப் பெண், ரொறன்ரோவை நோக்கிக் காரோட்டி வரும்போது 401 நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்தாள். மொன்றியலிலிருந்து கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் நாம் வந்துபோகும் அதே 401. பத்து மாதங்களில் மனைவியும் புற்றுநோயால் போய்விட்டார். இனித் தன்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளும்படி பியர்ட் நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார்சைக்கிளில் ஏறிப் பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 88,000 கிலோமீற்றர் ஓடினார். அந்தப் பயணத்தை 'கோஸ்ட் ரைடர்' என்ற நூலாக எழுதினார். 2001இல் மூவரும் மறுபடி ரொறன்ரோவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். அப்படிப் பிறந்தது 'வேப்பர் றெயில்ஸ்': பதின்மூன்று பாடல்கள், அறுபத்தேழு நிமிடங்கள். விமானம் போனபின் வானத்தில் கொஞ்ச நேரம் நிற்கும் வெண்கோடுகள் என்பது அந்தப் பெயரின் பொருள்.

அந்தக் காலத்தில் நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்காரர் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரஷ் பைத்தியம். அல்பம் வந்த கிழமையே இறுவட்டை வாங்கிவந்தார். இரண்டு இரவுகள் கேட்டார். பிறகு, "காது வலிக்கிறது" என்று எடுத்து வைத்துவிட்டார்.

அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பல ரசிகர்கள் அதையேதான் சொன்னார்கள். காரணம் இசையில் அல்ல, ஒலிப்பதிவில் இருந்தது. இறுவட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தங்கள் பாட்டு மற்றவர்களுடையதைவிட உரத்துக் கேட்கவேண்டும் என்று, மெல்லிய இடங்களையெல்லாம் உயர்த்தி, உச்சங்களை அந்த வரம்பில் மோதவிடும் வழக்கம் தொண்ணூறுகளில் பரவியது. மோதும் இடத்தில் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. காதில் அது கரகரப்பாக விழுகிறது. ட்ரம்ஸின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கவேண்டிய வெளி அடைபட்டுப்போகிறது. 'வேப்பர் றெயில்ஸ்' இந்த வழக்கத்துக்குப் பலியான அல்பங்களில் ஒன்று. இசைக்குழுவினரே பின்னர் அதை ஒப்புக்கொண்டார்கள். 2009இல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாடல்களின் ஒலிக்கலவை புதிதாகச் செய்யப்பட்டது. 2013இல் டேவிட் பொட்ரில் முழு அல்பத்தையும் மறுபடி கலந்து கொடுத்தார்.

இந்தப் பதினொரு வருடங்களில் ரசிகர்களின் அபிப்பிராயம் பல தரம் புரண்டது. 'கோஸ்ட் ரைடர்' நூலை வாசித்த பலர், திட்டிய அல்பத்தையே கண்ணீரோடு கேட்டார்கள். புதிய கலவை வந்தபோது, "இப்போதுதான் கேட்கிறது" என்று மகிழ்ந்தவர்கள் பலர். இன்னொரு சாரார் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்கள்: பழையதுதான் மெய்யானது, அந்தக் கரகரப்புத்தான் அந்த மனிதனின் துயரம், அதைச் சுத்தம் செய்தது பாவம். என்னுடைய தொழிற்சாலை நண்பரும் இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கியவர். காது வலிக்கிறது என்று 2002இல் எடுத்து வைத்தவர், கடைசியில் அந்த வலிக்காகவே பழைய இறுவட்டைத் தேடி எடுத்தார்.

இதில் மூன்று மாற்றங்கள் கலந்திருக்கின்றன. கேட்பவர்களுக்கு வயதானது. செய்தவரின் கதை தெரியவந்தது. பாட்டின் ஒலியே மாறியது. முதலாவதில் யாருக்கும் வழக்கில்லை. மற்ற இரண்டும்தான் என்னை உறுத்துகின்றன.

கதை தெரிந்தபின் பாட்டு நன்றாக ஒலிப்பது நேர்மையா? புறநானூற்றின் 112ஆவது பாட்டை எடுத்துக்கொள்வோம். தந்தையும் குன்றும் தங்களுக்கு இருந்த ஒரு நிலவையும், இரண்டும் இல்லாத இன்னொரு நிலவையும் பாரியின் பெண்மக்கள் ஐந்தே அடிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த அடிகளுக்குள் பாரி என்ற பெயர் இல்லை. பறம்பு என்ற பெயரும் இல்லை. பாடியவர் யார் என்பதை, பாட்டின் கீழே வரும் குறிப்புத்தான் சொல்கிறது. குறிப்பைப் படித்தபின் நம் தொண்டை அடைக்கிறது, உண்மை. ஆனால் குறிப்பை மூடிவிட்டு வாசித்தாலும் அந்த இரண்டு நிலவுகளும் அப்படியே நிற்கின்றன. குறிப்பு நம்மை மெதுவாக வாசிக்கவைக்கிறது. பாட்டில் இல்லாத ஒன்றை அது கொண்டுவந்து சேர்ப்பதில்லை. நம் முன்னோர் இதற்குக் கையறுநிலை என்று ஒரு துறைப்பெயரே வைத்திருந்தார்கள். துயரத்துக்கும் இலக்கணம் உண்டு, அதையும் பாட்டாகவே நிறுத்துப் பார்க்கலாம் என்பது அதன் உட்பொருள்.

எனவே கதை தெரிந்து மறுபடி கேட்பது தவறே அல்ல. கதை நம்மைப் பாட்டுக்குள் அழைத்துப்போகிறதா, பாட்டுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

'கரகரப்பே துயரம்' என்ற வாதத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2008இல் மெற்றாலிக்கா குழுவின் 'டெத் மக்னெற்றிக்' வெளிவந்தபோதும் ரசிகர்கள் இதே கரகரப்பைச் சொல்லி, மறுபதிப்புக் கேட்டு மனுப் போட்டார்கள். அந்த அல்பத்துக்குப் பின்னால் இப்படியான சாவு எதுவும் இல்லை. அதே வெட்டு, அதே தட்டையான அலை. ஆகவே அந்தச் சத்தத்தைச் செய்தது துயரம் அல்ல, ஒரு காலத்தின் தொழில்வழக்கம். துயரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றியவர்கள் நாம்.

ஏற்றியதால் என்ன கெட்டது? அல்பத்தின் முதற் பாட்டு ட்ரம்ஸோடு தொடங்குகிறது. வருடக்கணக்காக வாத்தியத்தைத் தொடாதிருந்த ஒருவர், மகளையும் மனைவியையும் புதைத்தபின் திரும்பி வந்து, இரண்டு கால்களாலும் இரண்டு கைகளாலும் "வந்துவிட்டேன்" என்று அறிவிக்கும் இடம் அது. பழைய பதிப்பில் அந்த அடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சுவராகிவிடுகின்றன. புதிய கலவையில் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறது. அப்படியானால், அந்த மனிதர்மீது கொண்ட இரக்கத்தால் நாம் பாதுகாக்க முற்பட்டது எதை? அவர் செய்ததை மறைத்த திரையை. அவருடைய துயரத்தைக் கொண்டாடும் அவசரத்தில் அவருடைய வேலையைக் கேட்காமல் விட்டோம்.

பழைய பதிப்பைத் தங்கள் சொந்த இழப்பின் நாட்களில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரகரப்பு அவர்களுடைய வாழ்க்கையோடு ஒட்டிவிட்டது. அதை விட்டுவிடும்படி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அது அவர்களுடைய நினைவு. அல்பத்தைப் பற்றிய தீர்ப்பாக அதை மற்றவர்களிடம் நீட்ட முடியாது.

ஒரு றொக் அல்பத்தைப் பற்றி இவ்வளவு கதைப்பதற்குக் காரணம், இதே திரையை நாமும் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதுதான். ஸ்காபரோவில் வருடம் முழுக்க நூல் வெளியீடுகள் நடக்கின்றன. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆய்வுரை, ஏற்புரை, பிறகு றோல்ஸும் தேநீரும். அழைப்பிதழில் ஆய்வுரை என்று அச்சிட்டிருப்பதும் மேடையில் வாழ்த்துரையாகவே வந்து முடிகிறது. நூல் போரைப் பற்றியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். "இது வலியிலிருந்து பிறந்தது" என்ற ஒரு வசனத்தோடு வாசிப்பு நின்றுவிடும். வலியிலிருந்து வந்ததைக் குறைசொல்வது வலியையே குறைசொல்வதாகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வெளியீட்டுக்குப் போயிருந்தேன். கடைசி மாதங்களில் மகனைத் தொலைத்த ஒரு தாயின் கவிதைத் தொகுப்பு. பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள். பொய்யழுகை அல்ல. நிகழ்ச்சி முடிந்து மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் என்ர கதையைத்தான் தம்பி சொன்னவை. கவிதை எப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை." மகன் மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் கவிதை மிக நல்லது, ஆனால் கடைசி நான்கு வரிகள் தேவையில்லை, அவை முன்னே சொன்னதையே விளக்குகின்றன என்றேன். அவர் கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தார். "எந்த நாலு வரி?" என்று கேட்டார்.

அவர் கேட்டது அனுதாபத்தை அல்ல. அது அவருக்கு வேண்டிய அளவு கிடைத்திருந்தது. தன்னை எழுதுகிற ஒருத்தியாக யாராவது எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே அவருடைய தேவை. ஒருவருடைய துயரத்துக்காக வருந்துவது ஒரு கடன். அவர் செய்ததைக் காது கொடுத்துக் கேட்பது வேறொரு கடன். முதலாவதைக் கட்டிவிட்டதால் இரண்டாவதும் தீர்ந்ததாகக் கணக்கெழுத முடியாது. இரண்டாவதைக் கட்டாதபோது, அவரை நாம் காயமாக மட்டும் மிச்சம் வைக்கிறோம்.

இதற்கு ஒரு காலக்கணக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செத்தவீட்டில் ஒப்பாரியின் சந்தத்தை யாரும் திருத்துவதில்லை. 2009 மே மாதத்துக்குப் பிந்திய முதல் வருடங்களில் வந்த எழுத்தை எடைபோடாமல் விட்டதில் நியாயம் இருந்தது. இப்போது பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்து, "இதில் எதை வாசிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எல்லாமே புனிதம் என்று சொன்னால் அவர்கள் எதையும் வாசிக்கப்போவதில்லை. இதைத் தெரிந்தெடு, இதைப் பிறகு பார், இதில் இந்த அத்தியாயம் தளர்ந்துவிட்டது என்று சொல்ல ஆட்கள் வேண்டும்.

ரஷ் ரசிகர்கள் பியர்ட்டை நேசித்தவர்கள். அவருடைய இழப்பு அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் "ஒலி சரியில்லை" என்று சொல்வதை நிறுத்தவில்லை. இசைக்குழுவும் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை, திருத்திக் கொடுத்தது. 2020 ஜனவரியில் பியர்ட்டும் மூளைப் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் அவர் தொட்டதெல்லாம் தங்கம் என்ற பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. எனக்கு அந்த அல்பம் பத்து நிமிடம் நீளம் என்றே இன்னும் தோன்றுகிறது. நடுவில் இரண்டு பாடல்கள் ஒன்றையொன்று நகலெடுக்கின்றன. முதற் பாட்டின் ட்ரம்ஸுக்காக மட்டும் அதை எத்தனை தரமும் கேட்பேன், புதிய கலவையில்.

அடுத்த முறை ஒரு வெளியீட்டில் யாராவது எழுந்து, "மூன்றாவது பகுதி தளர்ந்திருக்கிறது" என்று சொன்னால், அருள்கூர்ந்து அவரை உட்காரச் சொல்லாதீர்கள். எழுதியவரின் முகத்தைப் பாருங்கள். அவர் பேனையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.