மரமும் பாலமும்

கூரை போட்ட மரப்பாலத்தில் கூரை யாருக்காக? நடப்பவனுக்காக என்றுதான் முதலில் தோன்றும். தச்சனின் கணக்கு வேறு. வெயிலும் மழையும் மாறிமாறிப் படும் உத்தரம் சீக்கிரம் உளுத்துவிடும். மேலே ஓடு இருந்தால் தலைமுறைகள் தாண்டி நிற்கும். ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். எளிதில் மாற்றக்கூடியதை அழியவிட்டு, மாற்றக் கடினமானதைக் காக்கும் ஏற்பாடு. வழிப்போக்கனுக்குக் கிடைக்கும் நிழல் உபரிதான்.

இலங்கையில் பதுளைக்கு அருகே போகொட விகாரையை ஒட்டி, கல்லந்த ஓயாவின் மேல் இப்படியொரு பாலம் இருக்கிறது. ஆணி இல்லாமல் மரமுளைகளால் பொருத்தியது. 16ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நானூறு வருஷ மழையில் எல்லா ஓடும் எல்லாப் பலகையும் அப்படியே இருந்திருக்க முடியாது. அப்படியானால் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எது?

சக்கரம் தேர் அல்ல, அச்சு தேர் அல்ல, எல்லாம் சேர்ந்திருக்கையில் வழங்கும் பெயரே தேர் என்று மிலிந்தனுக்கு நாகசேனர் விளக்கினார். தர்க்கத்துக்கு இது போதும். ஆனால் பெயர் ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றாது.

சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகரத்தின் 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம் 1993 ஆகஸ்டில் எரிந்தது. 1994 ஏப்ரலில் மறுபடி திறந்துவிட்டார்கள். கூரைக்கடியில் இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை போனது போனதுதான். தச்சுவேலை திரும்பிற்று, ஓவியம் திரும்பவில்லை. பெயர் போடாத வேலைக்கே மறுபிறப்பு உண்டு என்பது எழுதுகிற நமக்கு உவப்பான செய்தி அல்ல.

பாலமில்லாமல் நீரோடு வாழ்ந்தவர்களிடம் இந்த விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம். இந்தச் சோழமண்டலக் கரை நெடுகக் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவிடுவார்கள். அப்போது அங்கே கட்டுமரம் இல்லை, சில மரங்கள்தான். மறுபடி கட்டியதும் அது நேற்றையதேதான். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சொல்லிலேயே கட்டுகிற செயல் இருக்கிறது. முடிச்சு கையில் இருந்தது.

ஆனால் எந்தக் கை? ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களுக்குப் 'பாடு' உண்டு. வலை போடும் இடம் தனியொருவன் சொத்தல்ல, முறைவைத்துக் கைமாறும். ஆள் மாறுவதாலேயே நிலைக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த முறைக்குள் பிறக்காதவனுக்குப் பாடு இல்லை. தொடர்ச்சி தன்னளவில் அறம் ஆகிவிடாது என்பதையும் இதே ஏரிதான் சொல்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. வேகமாகப் போகிறவனைக் கட்டுமரத்துக்குத் திரும்பச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கடைசிக் கட்டுமரத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால் மரம் பிழைக்கும், முடிச்சு செத்துப்போகும் என்பதை மட்டும் தெரிந்து செய்யவேண்டும்.

போகொடவில் ஓடு உடைந்தால் ஏறி மாற்ற ஒருவன் இருக்கும்வரை அது 16ஆம் நூற்றாண்டுப் பாலம். அவன் இல்லாத அன்று, ஒரு பலகைகூடக் குறையாவிட்டாலும், அது மரம்.