ஒலியின் வழுவமைதி

தமிழிலக்கணம் பயிலும் மாணவர் சொல்லதிகாரத்தில் மூன்று நிலைகளைக் கற்கின்றனர். முறைப்படி அமைவது வழாநிலை. முறை தவறி அமைவது வழு. முறை தவறியதாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவைக் கண்ட ஒருவன் உவகை மேலிட்டு ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால், அஃறிணையை உயர்திணையாக்கிய குற்றம் அவன்மேல் ஏறுவதில்லை. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் நேரும் திணை மயக்கத்தை இயல்பென்றே நன்னூலார் ஏற்றுக்கொண்டார். குற்றத்திற்கும் குணத்திற்கும் நடுவே இப்படி ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது தமிழிலக்கணத்தின் நுட்பமாகும்.

இந்த இடம் சொல்லுக்கு மட்டுமே உரியதா? மனிதன் செய்து வைத்த கருவிகளுக்கும், அவன் முன்னோரிடமிருந்து பெற்ற பொருள்களுக்கும் அது பொருந்துமா? ஒன்றைச் செம்மையாகச் செய்தவர் ஒருவர் இருக்க, அதன் செம்மையை வேண்டுமென்றே குலைப்பவரை எந்த நியாயத்தால் ஏற்பது? இவ்வினாவை ஆராய, இலக்கணத்திற்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு பொருள் துணை செய்கிறது. அதுதான் வால்வுக் காலத்துப் பழைய ஒலிபெருக்கி.

மலாக்கா மாநிலத்தில் ஜாசின் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் பொருளறையில் அத்தகைய ஒலிபெருக்கி ஒன்று தூசி படிந்து கிடப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் திருவிழா நாள்களில் பக்திப் பாடல்களையும் அறிவிப்புகளையும் தோட்டமெங்கும் கேட்கச் செய்த பெட்டி அது. இப்போது ஓர் இளைஞன் அதைக் கேட்கிறான். அவன் மவுத் ஆர்கன் வாசிப்பவன். புளூஸ் எனப்படும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் இசையில் ஈடுபாடு கொண்டவன். பெட்டியைத் திறந்து, சில உறுப்புகளை மாற்றி, அதை உறுமச் செய்ய வேண்டும் என்பது அவன் விருப்பம். பெரியவர்களோ, ஒழுங்காக ஒலித்ததைக் கெடுப்பதற்கா கொடுப்பது என்று தயங்குகின்றனர். இருபக்கத்தையும் எடைபோட வேண்டுமாயின், பெட்டிக்குள் நிகழ்வது என்ன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் சூடேறிய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. அவை செல்லும் வழியில் ஒரு கம்பி வலை நிற்கிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் சிறு மின்னலை அந்த வலையை அடைந்து, பெரிய மின்னோட்டத்தைத் தடுத்தும் விடுத்தும் ஆள்கிறது. 1906ஆம் ஆண்டு அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இந்த வலையைக் குழலுக்குள் அமைத்ததே ஒலிபெருக்கிக் கலையின் தொடக்கம். உள்ளே வந்தது எதுவோ அதுவே பெரிதாகி வெளியே செல்ல வேண்டும். கூட்டலும் குறைத்தலும் கூடாது. இதுவே பொறியாளர் வகுத்த வழாநிலை.

உள்ளே வரும் அலை வால்வின் ஆற்றலுக்கு மேற்படும்போது இந்நிலை குலைகிறது. அலையின் முகடுகள் மழுங்கித் தட்டையாகின்றன. மூல ஒலியில் இல்லாத துணைச் சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. செவிக்கு அது கரகரப்பாகவும் தடிப்பாகவும் கேட்கிறது. பொறியாளர் நோக்கில் இது ஐயமற்ற வழு. கோயில் முற்றத்திலும் அப்படியே. திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் பெயரை அறிவிக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்து, பெயர் விளங்காமற் போகுமாயின், அதில் அழகு காண்பதற்கு ஒன்றுமில்லை. சொல்லைக் கொண்டு சேர்ப்பதற்கு அமைந்த கருவி சொல்லைச் சிதைப்பது குற்றமே.

அந்தக் குற்றமே மற்றோர் இடத்தில் குணமாயிற்று. லூசியானாவில் 1930இல் பிறந்த லிட்டில் வால்ட்டர் என்ற கலைஞர் இளவயதிலேயே சிகாகோ நகரை அடைந்தார். பருத்தித் தோட்டங்களை விட்டு வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் நிறைந்திருந்த நகரம் அது. கூச்சல் மிகுந்த மதுக்கூடங்களில் மின்கிதாருக்கும் முரசுக்கும் நடுவே சின்னஞ்சிறு மவுத் ஆர்கனின் ஒலி எடுபடவில்லை. அவர் சாதாரண ஒலிவாங்கி ஒன்றையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கியின் எல்லையைத் தாண்டி வாசித்தார். வந்த ஒலி மவுத் ஆர்கனின் ஒலியாக இல்லை; சாக்சபோனின் கனமும் மனிதக் குரலின் கரகரப்பும் கலந்த புதியதோர் ஒலியாக இருந்தது. 1952இல் அவர் பதிவு செய்த ‘ஜூக்’ என்ற பாடலில்லா இசை அமெரிக்காவின் ரிதம் அண்டு புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1968இல் அவர் மறைந்த பின்னரும் அந்த ஒலி மறையவில்லை. உலகெங்கும் மவுத் ஆர்கன் பயில்வோர் இன்றும் பழைய வால்வு ஒலிபெருக்கிகளைத் தேடுவதற்கு அவ்வொலியே காரணம்.

கரகரப்பு இங்கே எவ்வாறு குணமாயிற்று? அது கலைஞனின் மூச்சுக்குக் கட்டுப்பட்டதால் குணமாயிற்று. மவுத் ஆர்கனில் உள்ளவை பித்தளை நாக்குகள். வாசிப்பவன் ஊதும்போதும் உறிஞ்சும்போதும் அவை அதிர்கின்றன. மெல்ல மூச்சுவிட்டால் வால்வு தன் எல்லைக்குள் நின்று தெளிவாக ஒலிக்கிறது. மூச்சு வலுக்க வலுக்க ஒலி சிறிது சிறிதாகக் கரகரத்து, முடிவில் உறுமலாகிறது. துயரம் எங்கே தொடங்கிச் சினம் எங்கே வெடிக்க வேண்டும் என்பதை வாசிப்பவனே தீர்மானிக்கிறான். பெருக்குவதற்கு வந்த பெட்டி அவனுக்கு இரண்டாவது நுரையீரலாகிறது. பழுதுபட்ட பெட்டியின் கரகரப்போ யாருடைய மூச்சுக்கும் செவிசாய்ப்பதில்லை. செவிக்கு இரண்டும் ஒன்றுபோலப் படலாம். ஒன்று வழு, மற்றது வழுவமைதி.

மாற்றியமைக்கும் வேலையில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. நல்ல உறுமலைப் பெற விரும்புவோர் முதற்கட்டத்தில் பெருக்கத்தைக் கூட்டுவதில்லை; குறைக்கின்றனர். பல பழைய ஒலிபெருக்கிகளின் முதற்கட்டத்தில் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு இருக்கும். அதன் பெருக்க எண் 100. மவுத் ஆர்கனோடு கைக்குள் பொத்திய ஒலிவாங்கி ஸ்பீக்கரின் ஒலியையே மீண்டும் உள்வாங்குவதால், இவ்வளவு பெருக்கத்தில் பெட்டி ஊளையிடத் தொடங்கிவிடும். ஆகவே அதே ஒன்பது முள் பொருத்தியில் சுமார் 45 பெருக்க எண் கொண்ட 12ஏஒய்7 வால்வையோ, சுமார் 20 கொண்ட 12ஏயு7 வால்வையோ செருகுவர். முன்வாசலில் ஆரவாரம் அடங்குவதால், பின்னுள்ள ஆற்றல் வால்வுகளை ஊளையின்றி எல்லைவரை உழைக்கச் செய்ய முடிகிறது. முரட்டொலியை நாடுபவனுக்கு முதலில் வேண்டுவது அடக்கம் என்பதை இப்பெட்டி கற்பிக்கிறது.

வேறோர் அடக்கமும் வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் 300 வோல்ட்டும் அதற்கு மேலும் மின்னழுத்தம் ஓடும். மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை முறையாக வெளியேற்றத் தெரியாதவன் பெட்டியைத் திறத்தலாகாது. விதியை அறிந்தவனுக்கே விதியை மீறும் உரிமை உண்டு என்பது இலக்கணத்தில் ஓர் அறிவுரை. இங்கே உயிரைக் காக்கும் சட்டம்.

இனிப் பெரியவர்களின் தயக்கத்திற்கு வரலாம். ‘செய்தவன் எதற்காகச் செய்தானோ அதற்கே பயன்பட வேண்டும்’ என்பது அவர்கள் வாதமாயின், அதனை முழுமையாக ஏற்க இயலாது. ஜெர்மனியின் ஓனர் நிறுவனம் மரீன் பேண்ட் என்ற புகழ்பெற்ற மவுத் ஆர்கனை 1896இல் அறிமுகப்படுத்தியபோது, புளூஸ் இசையை எண்ணியிருக்கவில்லை. உறிஞ்சும் மூச்சில் சுரத்தை வளைத்துத் துயரத்தை இசைப்பதற்கு அதைப் பயன்படுத்தியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். தமிழிசை உலகிலும் இதற்குச் சான்றுண்டு. மேண்டலின் இணையிணையாக எட்டுத் தந்திகள் கொண்ட மேலைநாட்டுக் கருவி. உ. ஸ்ரீநிவாஸ் மின் மேண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக் கமகங்களை வளைத்து வாசித்தார். கருவியின் பழைய அமைப்பு மாறியது. இராகத்தின் இலக்கணம் காக்கப்பட்டது. அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் கமகமே காரணமாகக் காட்டப்பட்டது. ஒரு கருவியை ஏற்பதும் விலக்குவதும் அதன் பிறப்பைப் பொறுத்தன அல்ல. அது எந்தப் பணிக்கு ஆளாகிறது என்பதைப் பொறுத்தவை.

எனினும் பெரியவர்களின் தயக்கத்தில் வேறோர் உண்மை மறைந்திருக்கிறது. பொருளறையில் கிடப்பது இளைஞன் ஒருவனுடைய உடைமை அன்று. தொழிலாளர் தம் கூலியிலிருந்து ஈந்த காசில் வாங்கப்பட்டது அது. ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டு, நிலம் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் மலாக்கா, ஜாசின், அலோர் காஜா முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னர், தோட்ட வாழ்வுக்குச் சாட்சியாக நிற்கும் பொருள்கள் சிலவே. அவற்றுள் ஒன்றைத் தன் விருப்பம்போல் அறுத்துவிட்டால், பிறகு வருவோர் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. ‘என் கையில் இருப்பதால் எனக்கு முழு உரிமை’ என்னும் எண்ணம், ‘பழையது என்பதால் தொடவே கூடாது’ என்னும் எண்ணத்தைப் போலவே குறையுடையது.

ஆகவே மாற்றங்களை வகைப்படுத்துதல் வேண்டும். பல்லாண்டுகளில் உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றுவதும், நிலத்தொடர்பு இல்லாத பழைய மின்கம்பியை நீக்கி மூன்று இழைக் கம்பியை அமைப்பதும் பேணுதலேயன்றிச் சிதைத்தல் ஆகா. பழைமை என்ற பெயரால் மனித உயிரைப் பணயம் வைப்பது அறமன்று. வால்வு ஒன்றை எடுத்து மற்றொன்றைச் செருகுவது இரண்டாம் வகை. நாளை வேறொருவர் பழைய வால்வைத் திரும்ப வைக்கலாம். கழற்றியதைத் துணியில் பொதிந்து பெட்டியோடு வைத்துவிட்டால் வழி திறந்தே இருக்கும். இரும்புத் தட்டில் புதிய துளை இடுவதும், மூல மின்மாற்றியை அறுத்தெறிவதும் மூன்றாம் வகை. இங்கே வழி அடைபடுகிறது. இரண்டாம் வகைக்கு நல்ல காரணம் ஒன்று போதும். மூன்றாம் வகைக்கு, உடையவர் அனைவரின் இசைவும், வேறு வழியே இல்லை என்ற தெளிவும் வேண்டும்.

இந்த வேறுபாட்டை மலாக்கா மண் முன்னரே அறிந்திருக்கிறது. மவுத் ஆர்கன் பற்றி மேலே சொன்ன அதே 1896ஆம் ஆண்டில்தான் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பரைப் பயிரிட்டார். அதன்பின் பரவிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பால் வெட்டினர். பால் வெட்டுதல் என்பது மரத்திற்கு நாள்தோறும் காயம் செய்தலே. காயமின்றிப் பால் இல்லை. ஆனால் பாற்குழல்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்து, மரத்தை ஒட்டி, புதிய பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. தேர்ந்த கை அப்படலத்தைத் தொடாமல் நிற்கும். நின்றால் பட்டை மீண்டும் வளரும். அதே இடத்தில் ஆண்டுகள் கழித்து மீண்டும் வெட்டலாம். கத்தி ஆழப் பதிந்தால் வளரும் பட்டை முடிச்சிட்டுப்போகும். இரண்டும் காயந்தான். வளர்ச்சிக்கு இடம்விட்டு நிற்கும் காயத்தைத் தொழில் என்றனர்; இடம்விடாத காயத்தை அழிவு என்றனர்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்து நிற்பதைக் கொண்டு முடிவு செய்யச் சொல்கிறார். குற்றமே இல்லாததைத் தேடுமாறு அவர் சொல்லவில்லை. வழுவை வழுவமைதியாக ஏற்பதற்கும் அத்தகைய ஆராய்ச்சி வேண்டும். செய்பவன் செம்மையை அறிந்தவனா? மீறுவதற்கு உள்ளத்தில் எழுந்த காரணம் உண்டா? மீறல் அவன் மூச்சுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறதா? பிறகு வருவோர்க்கு வழி திறந்திருக்கிறதா? இந்நான்கிற்கும் ஆமென்று விடை கூறவல்ல இளைஞனிடம் அப்பெட்டியைக் கொடுப்பதே தகும். பொருளறையில் கிடந்தால் அது பழைமையைக் காப்பதாகாது. துருவைக் காப்பதாகவே முடியும்.

வகுப்பறையிலும் இதே சோதனை நாள்தோறும் நிகழ்கிறது. மாணவன் எழுதிய கவிதையில் யாப்பு உடைந்திருக்கிறது. கட்டுரையில் தோட்டத்துப் பேச்சு வழக்கு புகுந்திருக்கிறது. அறியாமையால் உடைந்ததா, சொல்ல வேண்டியது மரபுக்குள் அடங்காததால் உடைந்ததா என்பதைத் தாளை மட்டும் பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. மலேசியத் தமிழிலக்கிய உலகில் புதுக்கவிதை பற்றி எழுந்த வாதங்களின் அடியிலும் இவ்வேறுபாடே கிடந்தது. ஆகவே சிவப்பு மையால் வட்டமிடுவதற்கு முன்னர், ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டுவிடுதல் நன்று. மாணவனிடம் விடை இல்லையாயின் அது வழு, திருத்தலாம். விடை இருக்குமாயின், அதைக் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.