தலைகீழ்ச் சிலுவை

1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வெளியாயிற்று. பதின்மூன்றாம் தேதி வெள்ளியில் வந்தால் தீங்கு நேரும் என்று மேனாட்டார் பலர் அஞ்சுவர். 'பிளாக் சபாத்' என்பதே குழுவின் பெயரும் தட்டின் பெயரும். மடிப்பு உறையைத் திறந்தால் உள்ளே தலைகீழாக ஒரு சிலுவை. ஹெவி மெட்டல் என்னும் இசைவகை இத்தட்டிலிருந்தே தொடங்கிற்று என்பர்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், இளைஞர் தியானம் ஒன்றில் நாம் இந்தச் சிலுவையைச் சொல்லி முழங்கினோம். சாத்தானின் இசை என்றோம். முடிந்ததும் ஓர் இளைஞர் ஒலிநாடா ஒன்றை நம் கையில் வைத்துவிட்டு, தலைகுனிந்தபடி போய்விட்டார். அக்குழுவின் ஒரு பாடலைக்கூட அன்றுவரை நாம் கேட்டதில்லை. கேட்டது பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் அவர்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து வாசித்தார். பாடல் வரிகளை எழுதிவந்த கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ஒலிப்பதிவு ஏறத்தாழ ஒரே நாளில் முடிந்தது.

மழை, இடி, தொலைவில் ஒரு மணியோசை. முதற்பாடல் இப்படித் தொடங்குகிறது. பட்லர் மாந்திரீகத்தில் ஆவல் கொண்டு அறைச்சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்த நாள்களில், ஓரிரவு தம் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கரிய உருவம் நின்றதாகக் கூறியுள்ளார். பாடல் அந்த அச்சத்தில் பிறந்தது. அதில் பேசுபவன் அவ்வுருவத்தை வணங்கவில்லை. நடுங்குகிறான், ஓடுகிறான், கடவுளைக் கூவி உதவி கேட்கிறான். அதன் சுர இடைவெளியைச் சாத்தானுடையது எனத் திருச்சபை தடைசெய்திருந்தது என்பதும் கட்டுக்கதையே. நாம் உருகிக் கேட்கும் கல்யாணியில் சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் அது!

இதனால் எல்லாம் நன்று என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. லூசிபர் ஒரு பெண்ணிடம் காதல் பேசும் பாடலும் அதே தட்டில் உண்டு. இருளோடு விளையாடுவது விளையாட்டாகவே முடியும் என்று நாம் நம்பவில்லை. பட்லரின் அந்த இரவே அதற்குச் சான்று.

ஆனால் சிலுவை? அது தங்கள் எண்ணமன்று, தங்களைக் கேளாமலே உறையில் இடப்பட்டது என்று குழுவினர் பின்னர் கூறினர். சந்தையில் அச்சம் நன்றாக விலைபோகும். அதைக் கண்டித்து முழங்கிய நம்மைப் போன்றோர் கூலி வாங்காத விளம்பரக்காரர் ஆனோம்.

தலைகீழ்ச் சிலுவை புனித பேதுருவினுடையது என்பதையும் அன்று மறந்துபோனோம். ஆண்டவரைப் போல மரிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று அவர் தலைகீழாக அறையப்படக் கேட்டுக்கொண்டதாக மரபு சொல்கிறது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இஸ்ரயேலின் கொராசினில் திருப்பலி நிறைவேற்றியபோது, அவர் அமர்ந்த நாற்காலியின் சாய்வில் இச்சிலுவையே இருந்தது. அந்தப் படத்தைக் காட்டி அவரையே சாத்தானின் ஆள் என்று பேசியவர்கள் உண்டு. அதைக் கேட்டு நமக்குச் சினம் மூண்டது. சினந்த வாய் உடனே அடங்கியும் போயிற்று. அவர்கள் செய்ததும் நாம் செய்ததும் வேறு வேறா?

போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றத்தை உறுதியாக்கிக்கொள்வதைத் திருச்சபையின் மறைக்கல்வி எட்டாம் கட்டளையின் கீழ் வைக்கிறது. உறையில் சிலுவை இருந்ததென்று நாம் சொன்னது உண்மை. ஆயினும் நாம் சொன்ன சாட்சி பொய்.

அந்த ஒலிநாடா இன்னும் நம்மிடம் இருக்கிறது. அண்மையில் எடுத்துப் பார்த்தபோதுதான், அது நாம் கண்டித்த தட்டே அன்று என்று தெரிந்தது. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' அது. அதில் பட்லர் எழுதிய 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்றொரு பாடல்: உன் ஆன்மாவைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா என வினவி, நண்பர் நகைப்பரென்று கடவுள் நம்பிக்கையை மறைப்பவனை இடித்துரைக்கிறது. அன்று அவர் அப்பாடலைத்தான் கேட்டு வந்தாரோ என்று விசாரிக்க, அந்த இளைஞரின் பெயர்கூட நமக்கு நினைவில் இல்லை.