அந்தத் தாள் யாருக்குரியது?

கொழுந்து பறிக்கும் ஒரு தாய். வெற்றிலையும் புகையிலையும் நெடுநாள் பழக்கம். ஆறாத வாய்ப்புண்ணிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள் என வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் ஆங்கிலத்தில் ஒரு தாள் வருகிறது. படித்த மகன் அதைப் பார்க்கிறான். மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். “ஒன்னுமில்லம்மா” என்கிறான். ஹட்டன், நுவரெலியா லயங்களில் இது புதுமையா?

அவன் செய்தது அன்பினால்தான். ஆயினும் அது சரியா?

அந்தத் துண்டு மெழுகில் பதிக்கப்பட்டு, மயிரிழையிலும் மெல்லியதாகச் சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டபின், அதை உருப்பெருக்கியில் ஆராய்ந்து எழுதுபவர் நோயியல் நிபுணர். அவர் தாயைக் கண்டதில்லை; எழுதியதும் வைத்தியருக்கே. வைத்தியர் மகனிடம் சொல்கிறார், மகன் மறைக்கிறான். உடல் அவளுடையது, செய்தி மட்டும் பிறருடையது!

‘தெரிந்தால் உடைந்துபோவாள்’ என்கிறோம். தெரியாதவள் புகையிலையை ஏன் விடவேண்டும்? மகரகமை வைத்தியசாலைக்கு ஏன் போகவேண்டும்? வாய்ப்புற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். மறைத்த மாதங்களை யார் திருப்பித் தருவது?

சில நாடுகளில் நோயியல் நிபுணரே நோயாளியை அருகில் அமர்த்தி, உருப்பெருக்கியில் காட்டி விளக்குகிறார். நாம் அவ்வளவு கேட்கவில்லை. தமிழும் இந்நாட்டில் அரசகரும மொழியானது 1987இல். இது புற்றா? பரவியிருக்கிறதா? இனி என்ன செய்வது? இம்மூன்றுக்கும் அவள் மொழியில் விடை வேண்டும். அது சலுகையல்ல, அவளுக்குரிய கடன்.

மகனே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, ரிப்போட்டு வந்திருக்கு, சொல்லவா?” என்று கேள். உன் முகத்தைப் பார்த்து அவள் பாதியை முன்பே அறிந்திருப்பாள். அந்தப் பாதியோடு அவளைத் தனியே விடாதே.