பயணத்தில் வந்த தடை யாருக்கு?



ஊழியத்துக்கோ உதவிப் பணிக்கோ புறப்படும்போது தடை வந்தால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? "இது சத்துருவின் போராட்டம், ஜெபிச்சு முன்னேறணும்" என்கிறோம். இல்லாவிட்டால், "போகவேண்டாம்னு கர்த்தர் தடுக்கிறார்" என்கிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை நான் கேட்கத் தவறினேன். என் குற்றத்தோடு சேர்த்தே அதைச் சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. சபைகள் கூடுவதும் அன்றுதான். பகல் 11.56-க்கு, ஆராதனை வேளையில், 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். காட்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. உதவி கொண்டுவந்த விமானங்களே இறங்க இடமின்றித் திரும்பின. ஆகவே நாங்கள் நான்கு பேர் மே முதல் வாரத்தில் ரயிலில் போனோம். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு இரண்டு நாள் பயணம்.

வழியெல்லாம் தொல்லை. ரயில் ஏழு மணி நேரம் லேட். என் பை களவுபோயிற்று. சுனௌலி எல்லையைத் தாண்டியதும் போன் வேலை செய்யவில்லை. காலை 6 மணி பஸ்ஸுக்கு 5.55-க்கே போய் நின்றோம், பஸ்ஸைக் காணோம்! நேபாள நேரம் நமக்கு 15 நிமிடம் முந்தியது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அங்கே அப்போது மணி 6.10. "ஆண்டவரே, உம்முடைய வேலைக்குத்தானே வந்தோம், ஏன் இப்படி?" என்று முறுமுறுத்தேன்.

கூர்க்கா போகும் ஜீப்புக்காகக் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னே ஒரு நேபாளத் தம்பி நின்றிருந்தான். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே சொன்னான்: "அண்ணா, நான் சென்னையிலதான் ஹோட்டல்ல வேலை. உங்க ரயில்லதான் வந்தேன், ஜெனரல் கம்பார்ட்மெண்ட்ல." கூர்க்காவுக்கு மேலே மலைக்கிராமம். வீட்டில் அம்மா, மனைவி, கைக்குழந்தை. பத்து நாளாகப் போன் கிடைக்கவில்லை.

ஜீப் வந்தது. நான்கு இடம்தான். முதலில் நின்றவன் அவன். நானோ டிரைவரிடம், "நாங்க உதவி செய்ய வந்த குழு, அவசரம்" என்றேன். டிரைவர் மரியாதையாக அந்தத் தம்பியை ஒதுக்கிவிட்டு எங்களை ஏற்றினார். அவன் சண்டை போடவில்லை. "நீங்க போங்க அண்ணா" என்றான். நான் ஏறி உட்கார்ந்து, "ஸ்தோத்திரம்! தடை நீங்கிச்சு" என்றேன்.

போய்ச் சேர்ந்தோம். மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது, தார்ப்பாய்கள் வந்துசேரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க" என்றார்கள். அந்த ரெண்டு நாளும் அவர்களுடைய அரிசியைத் தின்றுகொண்டு சும்மா இருந்தோம். அந்தத் தம்பி எப்போது வந்தான், வீட்டில் யாரைக் கண்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரியமானவர்களே, நாங்கள் டாக்டர்களாயிருந்து, அங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தால், முந்திப் போவது நியாயமே. ஆனால் எங்கள் அவசரம் யாருடைய அவசரம் என்று நான் கேட்கவில்லை. நால்வரில் ஒருவர் பின்தங்கி அடுத்த ஜீப்பில் வந்திருக்கலாமே! ஒரே ரயில், ஒரே தாமதம். என் பயணத்துக்குத் "தியாகம்" என்று பேர். அவன் பயணத்துக்குப் பேரே இல்லை. நேபாளத்துக்கு உதவப் போனவன், வழியில் முதலாவது சந்தித்த நேபாளியின் இடத்தைப் பறித்தேன்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை அதற்குப் பின்பு வேறே கண்ணோடு வாசித்தேன். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். கப்பலாட்கள் சிறு படகில் ஏறித் தப்பப் பார்த்தபோது பவுல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. படகின் கயிறு அறுக்கப்பட்டது. ரோமாபுரியில் பவுலுக்கும் வேலை இருந்தது. ஆனாலும் தன்னை மட்டும் தப்புவிக்க அவர் வழி தேடவில்லை. எல்லாரும் ஒருமிக்கக் கரையேறினார்கள்.

அடுத்தமுறை பஸ் தவறினால், பை தொலைந்தால், "இது சத்துருவா, கர்த்தரா?" என்று கேட்குமுன் பக்கத்தில் நிற்பவனைப் பாருங்கள். இந்தத் தடை என்னோடுகூட இன்னும் யாரை நிறுத்தியிருக்கிறது? நாம் தேடிப்போகும் ஊழியம் அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

கர்த்தர் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.