கதவு திறந்திருக்கிறதாம்!

"வாக்குரிமை எல்லோர்க்கும் உண்டு, வேண்டுவோர் வந்து பெயரைப் பதிந்துகொள்ளட்டும்." கேட்கும்போது இனிக்கிறது இந்த வாதம். கதவு அடைக்கப்படவில்லை, காவலன் நிறுத்தப்படவில்லை, கட்டணமும் கேட்கப்படவில்லை. பிறகு என்ன குறை என்று கேட்பார்கள். கதவைப் பார்த்ததோடு மனநிறைவு கொள்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அந்தக் கதவுக்கு வந்து சேரும் வழி எப்படி இருக்கிறது, யாரால் அதில் நடக்க முடிகிறது என்பதையும் அவன் பார்ப்பான்.

உலகம் ஒருமுறை செய்து பார்த்த சோதனையொன்று இதற்குச் சான்றாக இருக்கிறது. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்த 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்டது 'ஐகான்' என்னும் நிறுவனம். தொலைவில் நடக்கும் எதுவோ என்று தள்ளிவிட வேண்டாம். '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி முடியலாம் என இசைவு தந்தது அந்நிறுவனந்தான். நம் மொழிக்கு எங்கே இடம் என்பதை முடிவு செய்யும் அவையில் நமக்கு வாக்கு உண்டா? 2000ஆம் ஆண்டில் ஒரே ஒருமுறை இருந்தது.

19 பேர் கொண்ட அதன் இயக்குநர் அவைக்கு ஐவரை, கண்டத்துக்கு ஒருவராக, உலக மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 16 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். மின்னஞ்சல் இருக்க வேண்டும். அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் இரகசிய எண்ணொன்று கடிதத்தில் வரும். அதைக் கொண்டு மறுபடியும் இணையத்துக்குச் சென்று உறுப்புரிமையை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகே வாக்கு. நடந்தது என்ன? திரண்டு வந்தோரை அந்நிறுவனத்தின் கணினிகள் தாங்கவில்லை. முயன்று முயன்று சலித்தோர் பலர்; கடிதம் வராமல் காத்திருந்தோர் பலர். பெயர் கொடுத்தோர் ஏறத்தாழ 1,58,000 பேர். உறுதி செய்தோர் 76,000 பேர். வாக்களித்தோரோ 34,000 பேர். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் பதிவான வாக்குகள் வெறும் 130!

அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. பதிவு முறை பழுது என்று முறையைத் திருத்தினார்களா? இல்லை. 2002இல், இவ்வளவு சிலர் வாக்களிக்கும் தேர்தல் உலகின் குரலாகாது என்ற வாதம் எழுந்தது. நேரடித் தேர்தலே கைவிடப்பட்டது. வழியைக் கரடாக்கியது ஒரு கை. வந்தவர் தொகை குறைவென்று சுட்டியது மறு கை. பழுது முறையினுடையது, தண்டனை மட்டும் மக்களுக்கு!

இந்தக் கதை நமக்குப் புதிதா? சென்னையில் தியாகராய நகர் இருக்கிறது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கி நிற்கும் நகர். அவர் கட்சி வென்ற 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வரி கட்டுவோர்க்கும் உடைமை உள்ளோர்க்குமே வாக்கு இருந்தது. நிலமற்ற உழவனும் கூலிக்காரனும் வெளியே நின்றனர். குடியரசு வந்தது, அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது, உடைமைத் தகுதி ஒழிந்தது. ஆனால் அது இன்று வேறு உடையில் திரும்பி வருகிறது. அதன் புதுப்பெயர் 'நிலையான முகவரி'.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19இல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் மாநிலமெங்கும் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் பெயர்களில் 14.25 இலட்சம் விடுபட்டன. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! இறந்தோர் உண்டு, இரட்டைப் பதிவு உண்டு. மிகுதியானோர் இடம் மாறியவர்கள், வீட்டில் காணப்படாதவர்கள்.

இடம் மாறுவோர் யார்? மயிலாப்பூரில் மாடவீதி அருகே சொந்த வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்பவர் மாறுவதில்லை. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கும் வாடகைக் குடித்தனக்காரர் மாறுகிறார். தியாகராய நகர்க் கடையின் மேல்மாடியில் படுத்துறங்கும் தென்மாவட்டத்து இளைஞன் மாறுகிறான். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோ தாமாக மாறவில்லை; மாற்றப்பட்டார்கள். குடிசையை அகற்றும் அரசுக்கு அவர்கள் போன இடம் தெரியும். பட்டியல் எழுதும்போது மட்டும் தெரியாதா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தென்சென்னையில் பதிவானது சுமார் 54 விழுக்காடு. உடனே வசை பொழிந்தார்கள்: சென்னைவாசி சோம்பேறி, விடுமுறை கிடைத்தால் வாக்களிக்க வரமாட்டான்! இப்போது சொல்கிறார்கள், நூற்றுக்கு முப்பத்தைந்து பெயர்களுக்கு ஆளே அங்கில்லை என்று. அப்படியானால், தொகுதியும் மாவட்டமும் ஒன்றல்ல என்பதை ஒதுக்கிவைத்து உத்தேசமாகப் பார்த்தாலும், மீதி அறுபத்தைந்தில் ஐம்பத்து நான்கு பேர் வாக்களித்திருக்கிறார்கள்! ஒன்று, சோம்பேறி என்ற வசை பொய். அல்லது நீக்கிய கணக்கு பிழை. இரண்டும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது.

"கள்ள வாக்கை ஒழிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். ஒழிக்கத்தான் வேண்டும். ஒரு கள்ள வாக்கு, ஒரு நல்ல வாக்கைக் கொல்கிறது. இறந்தவர் பெயர் பட்டியலில் வாழ்வது மக்களாட்சிக்குப் பெருமையன்று. ஆனால் இரு பிழைகளும் ஒரே எடையா? பொய்ப்பெயரைத் தட்டிக்கேட்க அலுவலர் உண்டு, கட்சி முகவர் உண்டு, பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு. விடுபட்ட பெயருக்காக வாதாடப் பெயருக்குரியவரைத் தவிர எவரும் இல்லை. அவருக்கோ, பல வேளைகளில், வாக்குச்சாவடிக்குப் போன பிறகுதான் செய்தியே தெரிகிறது. எவனால் தன் குறையை எளிதில் சொல்ல முடியாதோ, அவன் தலையில் மெய்ப்பிக்கும் சுமையை ஏற்றுவது அறமாகாது.

முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, வடமாநிலங்களில் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்ன பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் பட்டியலில் இடம்பெறவில்லை. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெண்ணுக்கு அவள் பெயரே அடையாளம் என்று உறுதியாக நின்றார், கொள்கை உயர்ந்தது. ஆயினும், பெயர் சொல்லக் கூசும்படி அப்பெண்களை வளர்த்தது சமுதாயம். வாக்கு இழந்தவர்கள் அப்பெண்கள்! கதவு அவர்களுக்கும் திறந்துதான் இருந்தது.

ஆகவே நம் கேள்விக்கு விடை இது: உரிமை என்பது பிச்சையன்று, கேட்டவர்க்கு மட்டும் கொடுப்பதற்கு. குடிமகனைத் தேடிச் சென்று பட்டியலில் சேர்ப்பது ஆட்சியின் கடமை. ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் எழுதப்படுகிறது. தனியே விண்ணப்பம் வேண்டியதில்லை. வரி கேட்க நம் வீட்டைக் கண்டுபிடிக்கும் அரசு, வாக்குக் கொடுக்கவும் கண்டுபிடிக்கட்டும். பெயரை நீக்குவோர் காரணத்தை மெய்ப்பிக்கட்டும். இருப்பவன் தான் இருக்கிறேன் என்று மெய்ப்பிக்க அலையும் நிலை ஒழியட்டும்.

அதுவரை தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது. பட்டியலை எடுத்துத் தெருத்தெருவாகச் செல்லுங்கள். மாளிகை வாசலில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பவரைக் கேளுங்கள், கடைச் சிப்பந்தியைக் கேளுங்கள், ஆற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவரைக் கேளுங்கள். பெயரில்லாதவர்க்கு ஆறாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். 2000இல் உலகம் தோற்ற இடம் வாக்குப்பெட்டியன்று, பதிவேடு. நாமும் அங்கே தோற்றுவிட்டு, வாக்குப்பெட்டியில் நீதியைத் தேடிப் பயனில்லை.