கொல்லாமல் இருந்தால் போதுமா?

தவளையை மருந்தில் சேர்க்கலாமா என்று ஒரு வைத்தியர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதனைக் கொல்ல வேண்டாமென்று அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதாவூதில் வரும் இச்செய்தி நம்மில் பலரும் அறிந்ததே. ஷாஃபியீ, ஹனஃபி மத்ஹபுகளில் தவளையை உண்பது கூடாது; மாலிக்கி மத்ஹபினரின் கருத்து வேறு. நாம் இங்கு சட்டம் பேச வரவில்லை. கேட்டவர் விளையாட்டுக்கு அடிக்கும் சிறுவரல்லர்; நோய் தீர்க்க விரும்பிய வைத்தியர். நமக்குப் பயன்படும் என்பது மட்டுமே ஓர் உயிரை எடுக்கப் போதிய காரணமாகாது என்பதன்றோ இதில் தெரிகிறது?

நம்மவர் தவளையை அடிப்பதுமில்லை, தின்பதுமில்லை. ஆகவே நம்மீது குற்றமில்லை என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஜொகூர்க் காடுகளின் மரத்தவளைகளுக்கு வந்த துன்பம் தடியடியால் வந்ததன்று. இடம் போனதால் வந்தது. இடத்தைப் பறிப்பதும் கொல்வதில் சேருமா?

முதலில் அவை எங்கே, எப்படி வாழ்கின்றன என்று பார்ப்போம். விரல் நுனியில் வட்டமான ஒட்டுத்தட்டு உடையவை மரத்தவளைகள். அமெரிக்க வெப்பநாடுகளில் உள்ளவை ஒரு குடும்பம். நம் ஆசியாவில் பெரும்பாலானவை மற்றொரு குடும்பம். தோற்றம் ஒத்திருந்தாலும் நெருங்கிய உறவில்லை. நம் பக்கத்தவற்றுள் பல, நீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ பின்கால்களால் நுரையடித்து அதனுள் முட்டையிடும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து கீழே நீரில் விழும். நீர் கீழே இல்லையேல் அவ்வளவும் வீண்.

இவற்றுள் ஒன்று நாம் அடிக்கடி காண்பது. முதுகில் நான்கு கோடுகள் உடையது. வீட்டுத் தோட்டம், தோட்டப்புறம், கால்வாய், குளியலறை எங்கும் வாழும். வடகிழக்கு இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. கப்பல் சரக்கோடு சென்று 1964-இல் ஜப்பானின் ஓகினாவாத் தீவிலும் காணப்பட்டது. சரக்கோடு சரக்காகக் கப்பலேறி வந்த நம் முன்னோரை நினைத்தால், இதனிடம் நமக்குச் சற்று உறவுமுறையே தோன்றும்!

காட்டுக்குள் இருப்பவற்றின் நிலை வேறு. 1855-இல் சரவாக்கில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸிடம் சீனத் தொழிலாளி ஒருவர் ஒரு பெரிய தவளையைக் கொண்டுவந்து, உயர்ந்த மரத்திலிருந்து சரிவாகப் பறந்திறங்கியது என்றார். தீபகற்பத்துக் காடுகளிலும் இந்தப் பறக்கும் தவளை உண்டு. மர உச்சியில் வாழ்ந்து, இனம் பெருக்க மட்டும் கீழே வரும். அதற்குக் கலங்கிய சேற்றுக்குட்டை வேண்டும். காண்டாமிருகமும் காட்டுப்பன்றியும் புரண்டு உண்டாக்கும் குழிகள் அதற்கு ஏற்றவை. மலேசியக் காடுகளில் சுமத்திராக் காண்டாமிருகம் அற்றுப்போயிற்று என்று 2015-இல் ஆய்வாளர் கூறினர். பாதுகாப்பில் இருந்த கடைசிப் பெண் காண்டாமிருகமான இமானும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. குழி வெட்டுபவன் போனான். குழியை நம்பியவன் என்ன செய்வான்?

செம்பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இன்னொரு சிறு தவளை இருக்கிறது. மரப்பொந்தில் தேங்கும் நீரே அதன் தொட்டில். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டிலும் அது உண்டு. பொந்து விழ மரம் முதிர வேண்டும். செம்பனையையோ இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறோம்.

ஜொகூரின் காடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீருக்கும் மிளகுக்கும் வெட்டப்பட்டது; பிறகு ரப்பருக்கும் அன்னாசிக்கும், பின்னர் செம்பனைக்கும். அந்த ரப்பரும் செம்பனையும் நமக்குச் சோறு போட்டன. அதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. எண்டாவ் ரொம்பினில் பகாங் பகுதியில் 1977-இல் மரம் வெட்டத் தொடங்கியபோது பொதுமக்கள் எதிர்த்தனர். 1985-86-இல் மலாயா இயற்கைச் சங்கம் ஆய்வுப் பயணம் நடத்தியது. 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஊரார் குரல் கொடுத்தால் காடு நிற்கும் என்பதற்கு இது சான்று.

நிற்க. நம் கேள்விக்கு வருவோம். பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அவள் அதை அறுக்கவில்லை, அடிக்கவில்லை. தானும் உணவிடவில்லை, தரையிலுள்ள பூச்சிபுழுக்களை அது தேடித் தின்னவும் விடவில்லை. பூனை இறந்தது, அவள் தண்டனைக்குரியவளானாள். ஆகவே வாழும் வழியை அடைப்பதும் குற்றக் கணக்கில் வருகிறது. பூனை அவள் கண்முன் இருந்தது, குட்டையிலுள்ள தவளையை நாம் அறியோமே என்று சிலர் சொல்லலாம். அறியாதவரைக்கும் அது தக்க சமாதானமே. அறிந்த பின்பு அச்சமாதானம் செல்லாது என்பது நம் கருத்து. அதே சமயம் பசிக்காக நிலம் திருத்திய ஏழைக் குடியேறியையும், விலை ஏறட்டும் என்று காட்டை வெட்டித் தரிசாகப் போட்டுவைப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்த நாம் ஒப்போம்.

டிங்கி காய்ச்சல் உள்ள ஊரில் வீட்டுப் பின்புறத்துத் தொட்டியில் நீர் தேங்க விடலாமா? கூடாது. 1975-ஆம் ஆண்டின் சட்டப்படியும் அது குற்றம். மனித உயிர் முதலில். தொட்டியைக் கவிழ்க்க வேண்டியதுதான். ஆனால் அதன் விளிம்பில் நுரைக்கூடு இருந்தால், அதை இலையோடு எடுத்து அருகிலுள்ள குளத்தின் நீருக்கு மேலே ஒரு கிளையில் வைத்துவிடலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நம் ஜமாஅத்துகள் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பும்போதும், பின்புறத்துப் பள்ளத்தை மண் கொட்டி மூடுமுன், அதில் ஒரு மூலையை மரத்தோடும் நீரோடும் விட்டுவைக்க இயலுமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்கலாம். அந்தக் குட்டையில் சிறு மீன்களை விட்டால் கொசுப்புழு குறையும். ஆனால் பல மீன்கள் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். ஆகையால் எந்த மீன் என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.